இடிக்கப்போகும் பிளாக்கில் கடைசி ஆளாக இருக்காதீர்கள்

பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் வேலை இப்போது பல ஊர்களில் நடக்கிறது. சுவரில் பெயின்டால் நம்பர் போட்டுவிட்டுப் போனதும் சனங்கள் கேட்பது, ‘புது வீடு எத்தனை சதுர அடி?’ என்பதுதான். சதுர அடி முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் பிளாக்கைக் காலி செய்ததிலிருந்து புது வீட்டுக்குத் திரும்பி வந்து நிம்மதியாகத் தூங்கும் வரைக்கும் எங்களைப் பயமுறுத்தியது சதுர அடி இல்லை. திருட்டும் கஞ்சாவும் போலீஸ் அலைச்சலும்தான். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது சேலம் டவுனுக்குத் தெற்கே, குகையிலிருந்து நடந்து போகிற தூரம். என் வீட்டுக்காரர் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். நான் வீட்டிலேயே கொலுசு பற்றவைக்கிறேன். பட்டறைக்காரர் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார், வேலை முடிந்ததும் எடை போட்டு வாங்குவார். சேதாரம் போக ஒரு குண்டுமணி குறைந்தாலும் கூலியில் பிடித்துக்கொள்வார். சேலத்தில் எங்களைப் போல ஆயிரக்கணக்கான வீடுகளில் இப்படித்தான் வேலை நடக்கிறது. கிலோ வெள்ளி லட்சத்தைத் தாண்டிய பிறகு, வீட்டில் இருப்பது என் பொருளே இல்லை என்பது ராத்திரியில்தான் நன்றாக உறைக்கும். பூட்டை உடைத்து எடுத்துக்கொண்டு போனால் நான் பல வருஷம் கடன்காரி.

பழைய பிளாக் அப்பா பெயருக்கு எண்பதுகளில் ஒதுக்கியது. 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் கட்டியது. 2021-ல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிவிட்டது, நாங்கள் இன்னும் ‘சிலம்போர்டு’ என்றுதான் சொல்கிறோம். கடைசி வருஷங்களில் கூரை பெயர்ந்து விழுந்தது, கம்பி துருப்பிடித்து வெளியே தெரிந்தது, மேல் வீட்டுக் கக்கூஸ் தண்ணீர் கீழ் வீட்டு அடுப்படியில் சொட்டியது. அங்கே எல்லாரும் ஒற்றுமையாக, தங்கமாக இருந்தோம் என்று கதை விட மாட்டேன். குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிக்கிறவன் இருந்தான், வட்டிக்காரன் ஆள் வைத்து மிரட்டியதும் உண்டு, போலீஸ் பட்டியலில் பெயர் இருந்தவர்களும் எங்கள் படிக்கட்டிலேயே குடியிருந்தார்கள். ஆனால் வீடு புகுந்து திருடியது என் நினைவில் இல்லை. காரணம் சாதாரணம். வீடு சின்னது, உள்ளே உட்கார்ந்தால் புழுங்கும். அதனால் எல்லாப் பெண்களும் வெராண்டாவில் உட்கார்ந்துதான் கொலுசு வேலை செய்தோம். புது ஆள் படியேறினால், ‘யாருங்க, யார் வீட்டுக்கு?’ என்று நாலு பேர் கேட்போம். அவ்வளவுதான் எங்கள் பாதுகாப்பு.

அது போனது கட்டடத்தை இடித்தபோது இல்லை. பிளாக் பாதி காலியானபோதே போய்விட்டது.

மறுகட்டுமானத்துக்காக வெளியேறும் குடும்பங்களுக்குக் கருணைத் தொகை என்று கொடுக்கிறார்கள். முன்பு 8,000 ரூபாயாக இருந்ததை 24,000 ஆக்கினார்கள். கட்டி முடிக்கும் வரைக்கும் அதுதான். டவுனில் அட்வான்ஸுக்கே பத்தாது. கையில் காசு இருந்தவர்கள் உடனே கிளம்பிவிட்டார்கள். மிஞ்சியது கிழவிகள், கைக்குழந்தைக்காரிகள், ‘எந்த ஏரியா?’ என்று கேட்டதும் வீடு இல்லை என்று கதவு சாத்தப்பட்டவர்கள். ஒரு படிக்கட்டுக்கு இரண்டு வீட்டில் விளக்கு எரிந்தால் அதிகம். முதலில் காலி வீட்டு ஜன்னல் கம்பிகளை அறுத்தார்கள். பிறகு கதவு, பிறகு வயரை உருவினார்கள், தண்ணீர் மோட்டாரைக் கழற்றினார்கள். இரும்புக்காரனுக்கு வேலை முடிந்ததும் கஞ்சாக்காரன் வந்தான். மேல் மாடிக் காலி வீடுகளில் வெளியூர்ப் பையன்கள் சாயங்காலமே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். எங்கள் ஆயா வயதிருக்கும் ஒரு அம்மாவின் கம்மலை, தண்ணீர்க் குடத்தோடு படியேறிக்கொண்டிருக்கும்போதே காதோடு இழுத்துவிட்டு ஓடினான் ஒருவன். காதில் தையல் போட்டார்கள். பறித்தவன் யார் என்று பார்க்கப் படிக்கட்டில் ஆள் இல்லை.

அதனால் இப்போது காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வாங்கியிருப்பவர்களுக்கு நான் சொல்வது: ஆளாளுக்குத் தனித்தனியாகப் போகாதீர்கள். ஒரு படிக்கட்டுக் குடும்பங்கள் கூடிப் பேசி ஒரே வாரத்தில் இறங்குங்கள். வாடகை கிடைக்காதவர்களுக்கு மற்றவர்கள் சேர்ந்து தேடுங்கள், அது தர்மத்துக்காக இல்லை, உங்கள் அக்காவோ அத்தையோ அந்த இருட்டுப் படியில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க. காலியான வீட்டின் கதவு, ஜன்னலை ஒப்பந்ததாரரே அன்றைக்கே கழற்றி எடுத்துவிட வேண்டும் என்றும், மேல் மாடிக்குப் போகும் படியைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டும் என்றும், கடைசிக் குடும்பம் இறங்கும் வரை பொது விளக்கையும் தண்ணீரையும் நிறுத்தக் கூடாது என்றும் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வாயால் சொன்னால் ‘பாத்துக்கலாம்மா’ என்பார்கள். கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனுவுக்கு எண் கிடைக்கும். அந்த எண் கையில் இருந்தால்தான் அடுத்த முறை பேச முடிகிறது.

இதே காலத்தில் இன்னொரு வகைத் திருடன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவான். ‘லிஸ்டில் உங்கள் பெயர் விட்டுப்போச்சு, நான் சேர்த்துவிடுகிறேன்’, ‘கீழ்த்தளம் வாங்கித் தருகிறேன்’, ‘மகளுக்கும் தனியாக ஒரு வீடு’ என்பான். எங்கள் பக்கம் ஒரு குடும்பம் தாலிச் செயினை அடகு வைத்து இப்படி ஒருத்தனிடம் கொடுத்தது. அவன் காட்டிய ஒதுக்கீட்டு ஆணையில் முத்திரை எல்லாம் அழகாக இருந்தது, வீட்டு எண்தான் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. பயனாளி கட்ட வேண்டிய பங்குத் தொகை எதுவானாலும் வாரியத்தின் பெயருக்கு வங்கி வழியாக, ரசீதோடு மட்டும்தான் போக வேண்டும். ஒரு தனி ஆளின் ஜிபே நம்பருக்குப் போகிற பணம் வீட்டுக்கான பணம் இல்லை. சந்தேகம் இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, ‘இந்தத் திட்டத்தின் பயனாளிகள் பட்டியலில் என் பெயர் எந்த வரிசையில் இருக்கிறது?’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் லேட்டானாலும், கேட்டோம் என்பதற்குத் தாள் இருக்கும்.

தாள் என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய ஒதுக்கீட்டு ஆணை, தவணை கட்டிய ரசீதுகள், கரண்ட் பில், அந்த முகவரியில் இருக்கும் வாக்காளர் அட்டை, எல்லாவற்றையும் போன் கேமராவில் எடுத்து நம்பகமான இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள். ஒதுக்கீடு பெற்றவர் இறந்துவிட்டிருந்தால் வாரிசுச் சான்றை இப்போதே வாங்குங்கள். கதவு நம்பர் தெரிகிற மாதிரி குடும்பத்தோடு வாசலில் நின்று ஒரு போட்டோ. இதெல்லாம் இல்லாதவர்களைத்தான் உள்வாடகைக்கு இருப்பவர்கள் என்று சொல்லி, அவர்கள் வீட்டை வேறு ஒருத்தன் பிடிக்கப் பார்த்தான்.

வெளியே வாடகையில் இருந்த காலம் பெரியவர்களுக்குக் காசுக் கஷ்டம், பிள்ளைகளுக்கு வேறு மாதிரி. ஒன்றாக விளையாடி ஒன்றாகப் பள்ளிக்கூடம் போன பையன்கள் கொண்டலாம்பட்டி, அம்மாப்பேட்டை, களரம்பட்டி என்று சிதறினார்கள். இரண்டு பஸ் மாறிப் பழைய பள்ளிக்கூடம் போக வேண்டியிருந்ததால் சில பேர் நின்றேவிட்டார்கள். அப்படி நின்ற ஒரு பையன், பத்தாவது கூட முடிக்காதவன், கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்டான். எங்கள் பழைய படிக்கட்டுப் பிள்ளை. அவன் அம்மா எனக்குத்தான் போன் செய்து அழுதாள், ‘அக்கா, என்ன பண்றதுன்னே தெரியல’ என்று.

அன்றைக்கு எங்களுக்கு வழி சொன்னது இலவச சட்ட உதவி மையத்திலிருந்து வந்த ஒரு வக்கீலம்மா. அவரிடம் தெரிந்துகொண்டதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல்தான் பல பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள். 18 வயது நிரம்பாதவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள், சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பிறப்புச் சான்றோ பள்ளிச் சான்றோ எடுத்துக்கொண்டு ஓடுங்கள், வயதை நிரூபிக்க வேண்டியது முதல் வேலை. அதைவிட முக்கியமானது, கஞ்சாவைக் கொண்டுபோகப் பிள்ளையைப் பயன்படுத்தியவனுக்கு 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் 78-வது பிரிவில் 7 வருஷம் வரை கடுங்காவல் உண்டு. அதாவது, பையனிடம் பொட்டலம் கொடுத்தவனைப் பற்றிப் புகார் எழுதிக் கொடுக்கும் உரிமை பெற்றவர்களுக்கு இருக்கிறது. பையன்மேல் கேஸ் போட்டுவிட்டு, கொடுத்தவனை விட்டுவிடுவதுதான் எங்கும் வழக்கமாக நடக்கிறது. நாம் எழுதிக் கொடுத்தால் விடுவது கஷ்டம். சிறு வயது வழக்கு பின்னால் வேலைக்குத் தடையாக இருக்கக் கூடாது என்றும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது, 16 வயதுக்கு மேல் கொடூரக் குற்றம் செய்து பெரியவர்களைப் போல விசாரிக்கப்படுகிறவர்களைத் தவிர. வக்கீலுக்குக் காசு இல்லையே என்று தரகனிடம் போகாதீர்கள். பெண்கள், பிள்ளைகள், எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, 15100-க்குப் போன் செய்தால் போதும்.

அந்தப் பையன் இப்போது வெல்டிங் படிக்கிறான். பொட்டலம் கொடுத்தவன் பிடிபட்டானா என்று கேட்பீர்கள். வேறொரு கேஸில் பிடிபட்டான்.

புது பிளாக் கட்டி முடித்து, சாவி கொடுத்தார்கள். ஏறக்குறைய 400 சதுர அடி, தனிக் கக்கூஸ், அடுப்படி, டைல்ஸ். ஆயா இருந்திருந்தால் கண்ணீர் விட்டிருக்கும். வீட்டைக் குலுக்கல் போட்டுத்தான் ஒதுக்கினார்கள். லஞ்சமோ சிபாரிசோ நுழையாமல் இருக்கக் குலுக்கல் நல்லதுதான். ஆனால் ஒரே படியில் முப்பது வருஷம் இருந்தவர்கள் ஆளுக்கொரு பிளாக்கில் விழுந்தோம். வேறு இடங்களில் இருந்து அப்புறப்படுத்திய குடும்பங்களும் வந்திருந்தன. எதிர் வீட்டுக்காரர் பெயர் தெரியாது. அவர் வீட்டில் நுழைகிறவன் தம்பியா திருடனா என்பது தெரியாது. வீடு பெரிதாகிவிட்டதால் எல்லாரும் உள்ளேயே உட்கார்ந்து வேலை செய்தோம், கதவைச் சாத்திக்கொண்டோம். முதல் வருஷம் பைக்கில் பெட்ரோல் போனது, பித்தளைக் குழாய் போனது, மொட்டை மாடியில் டேங்க் மூடியைக் கூட விடவில்லை. ஆடி மாசம் குகைத் திருவிழாவின் வண்டி வேடிக்கை ராத்திரி பிளாக்கே காலி, எல்லாரும் பார்க்கப் போய்விட்டோம். ஒரே தளத்தில் மூன்று வீட்டுப் பூட்டை உடைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் போனது கொலுசு வேலைக்கு வாங்கி வைத்திருந்த பட்டறைக்காரர் வெள்ளி.

புகார் கொடுக்கப் போனபோது கேட்ட முதல் வார்த்தை, ‘உங்க பில்டிங் பசங்களையே முதல்ல கேளுங்க’. எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம், எந்த ஊர் வாரியக் குடியிருப்புக்காரரைக் கேட்டாலும் இந்த வார்த்தையைக் கேட்டிருப்பார்கள். இதற்குக் கோபப்பட்டு எழுந்து வந்துவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். என்ன போனது, எடை எவ்வளவு, எப்போது பூட்டினோம், எப்போது பார்த்தோம் என்று எழுதிக் கொண்டுபோங்கள். பட்டறைக்காரர் எடை போட்டுத் தந்த சீட்டின் நகலை வையுங்கள். சீட்டே தராத பட்டறைகள் உண்டு, அப்படியானால் எடையை வாட்ஸ்அப்பில் எழுதி அவருக்கே அனுப்பி, ‘சரி’ என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தால் அதோடு நின்றுவிடாதீர்கள். அது புகார் வந்ததற்கான அத்தாட்சி மட்டும்தான், வழக்கு இல்லை. பூட்டை உடைத்துத் திருடியது கட்டாயம் வழக்குப் பதிய வேண்டிய குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவில் எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று இருக்கிறது. பதிய மறுத்தால் மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எங்களுக்கு மேலதிகாரிக்கு அனுப்பியதுமே வேலை நடந்தது. பிடிபட்டவர்கள் எங்கள் பில்டிங் பசங்க இல்லை, அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

அதற்குப் பிறகு செய்தவற்றில் எது பலன் தந்தது, எது வீண் என்று சொல்கிறேன். கேமரா வைக்கலாம் என்று ஆண்கள் ஒரே பிடியாக நின்றார்கள். வைத்தோம். கேட்டருகில் வைத்த ஒன்றால் பிரயோஜனம் உண்டு, வண்டி நம்பர் தெரிகிறது. மற்றவை ஒட்டடை பிடித்துக் கிடக்கின்றன. பழைய பதிவு தானாகவே அழிந்துவிடும், அதனால் ஏதாவது நடந்தால் அன்றைக்கே பதிவை எடுத்து வைக்க வேண்டும், இது தெரியாமல் ஒரு தடவை கோட்டை விட்டார்கள். கேமராவை விடப் படிக்கட்டு விளக்குதான் வேலை செய்தது. விளக்குக்குப் பொது மீட்டர், அதற்கு யார் காசு கொடுப்பது என்று மாசக்கணக்கில் சண்டை. கடைசியில் குடியிருப்போர் நலச் சங்கம் பதிவு செய்த பிறகுதான் தீர்ந்தது. ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்ற அரசுத் திட்டத்தில் பராமரிப்புக்கு நாம் போடும் பணத்தோடு அரசும் பங்கு போடுகிறது. அதற்குச் சங்கம் பதிவாகி, வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். சாவி வாங்கிய மாசமே சங்கத்தை ஆரம்பித்துவிடுங்கள்.

மொட்டை மாடிக்குப் பூட்டு. சாவி மேல்தளத்தில் ஒரு பெண்ணிடம், ஆணிடம் கொடுத்தால் சாவி ஊர் சுற்றும். வடகம் காயவைக்கிறவர்கள் கேட்டு வாங்க வேண்டும், எரிச்சல்தான், பரவாயில்லை.

கொலுசு வேலையை மறுபடி வெளியே கொண்டுவந்ததுதான் என் கணக்கில் பெரிய விஷயம். வெள்ளியோடு வெளியே உட்காரலாமா என்று பட்டறைக்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பற்றவைப்பு கேஸ் வைத்துச் செய்வது, அது உள்ளேதான். ஆனால் சலங்கை கோர்ப்பது, வளையம் மாட்டுவது எல்லாம் படிக்கட்டுத் திருப்பத்தில் பாய் போட்டுச் செய்யலாம். மத்தியானம் மூன்று மணியிலிருந்து விளக்கு வைக்கிற வரை தளத்துக்கு மூன்று, நாலு பேர். புது ஆள் வந்தால், ‘யாருங்க, யார் வீட்டுக்கு?’ மூன்றாம் மாடியில் உள்வாடகைக்கு வந்து, ராத்திரி ராத்திரி ஆள் வந்துபோன ஒரு வீடு இந்தக் கேள்விக்கே பயந்து காலி செய்தது. அந்த வீட்டைப் பற்றி 10581-க்கும் சொல்லியிருந்தோம், போதைப்பொருள் தகவலுக்கான இலவச எண் அது. எதனால் போனார்கள் என்று தெரியவில்லை, போனார்கள்.

அக்கம்பக்கமும் மாறிக்கொண்டிருக்கிறது. பழைய பஸ் ஸ்டாண்டை ஈரடுக்காகக் கட்டி 2023-ல் திறந்த பிறகு டவுனைச் சுற்றி இடத்தின் விலை ஏறிவிட்டது, எங்கள் பின்னால் இருந்த தறிக்கூடம் போய் அபார்ட்மென்ட் வந்திருக்கிறது. வந்ததும் மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதித்து, நாங்கள் நடக்கிற சந்து வழியையும் அடைத்துவிட்டார்கள். சந்து அடைபட்டதால் பிள்ளைகள் ட்யூஷன் முடிந்து சுற்றுவழியில், விளக்கில்லாத சாக்கடை ஓரமாக நடக்க வேண்டியிருந்தது. அங்கே ஒரு செயின் பறிப்பு நடந்தது, பறிகொடுத்தது அபார்ட்மென்ட் அம்மா. அதற்குப் பிறகு தெருவிளக்கு மனுவில் அவர்கள் சங்கமும் கையெழுத்துப் போட்டது, வாரியக் குடியிருப்பு மட்டும் கேட்டபோது வராத விளக்கு இரண்டே வாரத்தில் வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் பணக்கார அக்கம்பக்கத்தைச் சேர்த்துக்கொண்டு மனுப் போடுங்கள், காரியம் ஆகும்.

முகவரிப் பிரச்சினை மட்டும் தீரவில்லை. திருவிழா வந்தால் முன்ஜாக்கிரதை என்று எங்கள் பையன்களைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் தெருப்பெயர் கேட்டதும் காபியைப் பாதியில் வைக்கிறார்கள். என் மகன் வேலைக்கு விண்ணப்பம் போடும்போது சித்தி வீட்டு முகவரியைக் கொடுக்கிறான். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

அடுத்தது எங்களுக்கு மேற்கே இருக்கும் பழைய பிளாக்குகள். நம்பர் போட்டாகிவிட்டது. அந்தப் பெண்கள் எங்கள் மாடியில் வந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டு போனார்கள். குலுக்கல் போடுங்கள், ஆனால் தனித்தனிக் குடும்பமாக வேண்டாம், ஒரு படிக்கட்டை ஒரு சீட்டாக எழுதிப் போடுங்கள் என்று மனு எழுதியிருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கும் வயசானவர்களுக்கும் கீழ்த்தளம் தனியாக ஒதுக்கிவிட்டு மிச்சத்தை இப்படிச் செய்யலாம் என்று அதற்கும் வழி சொல்லியிருக்கிறார்கள், அது எங்களுக்குத் தோன்றாதது. அதிகாரி, ‘விதியில் இடமிருக்கான்னு பாக்கணும்’ என்று வாங்கி வைத்துக்கொண்டார். மனு எண் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வந்தார்களாம்.